விடை அரசனிடமே இருந்தது

கோவலன் கொலையைக் கேட்டால் பலரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் கோவலன் என்று பொற்கொல்லன் பொய் சொன்னான், பாண்டியன் நம்பினான், கோவலன் செத்தான். ஆனால் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை எடுத்து நிதானமாகப் படித்தால், வாள் விழுவதற்கு முன் அங்கே ஒரு கூட்டமே நடக்கிறது.

பொற்கொல்லன் காவலர்களோடு தன் குடிசைப் பக்கம் வருகிறான். காத்திருக்கும் கோவலனிடம், அரசர் சொல்லிச் சிலம்பைப் பார்க்க வந்திருப்பவர்கள் இவர்கள் என்று அவர்களைக் காட்டுகிறான். பிறகு சிலம்பின் வேலைப்பாட்டை எல்லாம் காவலர்களுக்கு விளக்குகிறான். காவலர் ஒருவர் கோவலனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்த முகம் கொலைப்பட வேண்டிய ஆளின் முகமாகத் தெரியவில்லையே என்கிறார். பொற்கொல்லனுக்குச் சிரிப்பு வருகிறது. திருடர்கள் கைக்கொள்வது மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டு வழி என்று அங்கேயே நின்று பாடம் எடுக்கிறான். முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்பது அதன் சாரம்.

அடுத்து ஓர் இளம் காவலன் தன் பழைய கதையைச் சொல்கிறான். மழைக்கால நள்ளிரவு. நீல உடையில், கையில் உளியோடு ஒருவன் வந்தான். நான் வாளை உருவினேன். அவன் என் கையிலிருந்த வாளையே பறித்துக்கொண்டான். அப்புறம் ஆளைக் காணவே இல்லை. இவர்கள் வித்தை அப்படி. விட்டுவிட்டால் அரசன் நம்மைத்தான் வருத்துவான். ஆகவே என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. யாரும் பதில் சொல்வதற்குள் ‘கல்லாக் களிமகன்’ ஒருவன், படிப்பில்லாத குடிகாரன், வாளை வீசிவிட்டான். கோவலன் விழுகிறான்.

இத்தனை பேச்சிலும் கோவலனிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘அரசியின் காலுக்கு ஏற்ற இந்த அணிக்கு நீ விலை போட முடியுமா’ என்று தெருவில் பொற்கொல்லனிடம் கேட்டதுதான் அவன் வாயிலிருந்து நாம் கேட்கும் கடைசிக் கேள்வி. நூறு கொல்லர்கள் பின்னால் வர, மேற்சட்டை போட்டு, கையில் கருவியோடு வந்த பெரிய மனிதர் அவர். ஊருக்குப் புதிதாக வந்தவன் அப்படிப்பட்ட ஒருவரை நம்பாமல் வேறு யாரை நம்புவான்?

சரி, இந்தக் கொலைக்குப் பொறுப்பு யார்? பொய் சொன்னவனா, ஆணையிட்டவனா, சந்தேகப்பட்டும் சும்மா நின்ற காவலரா, பயந்த இளைஞனா, குடித்திருந்தவனா? இளங்கோ இத்தனை பேரையும் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, வாள் விழுந்ததும் சொல்வது வேறொன்று: கோவலனின் ‘பண்டை ஊழ்வினை’, முற்பிறவியின் வினைப்பயன், உருத்தது. நூலின் பதிகம் முன்கூட்டியே சொல்லிவைத்த மூன்று செய்திகளில் ஒன்று அது. அரசியல் பிழைத்தோர்க்கு, அதாவது ஆட்சியில் தவறியவர்க்கு, அறம் கூற்றாகும் என்பது இன்னொன்று. இரண்டையும் பள்ளியில் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. பல வருடம் கழித்துத்தான் உறுத்தியது. கோவலன் சாக வேண்டும் என்பது விதியென்றால், அரசன் பிழைத்தது எங்கே? அரசன் பிழைத்தான் என்றால், விதிக்கு அங்கே என்ன வேலை?

பாண்டியனிடமிருந்தே தொடங்குவோம். அவன் ஆணையிட்ட நேரம் எப்படிப்பட்டது? அரண்மனையில் ஆடல் பாடல் முடிந்திருக்கிறது. அரசன் ஆடல் மகளிரையே பார்த்துக்கொண்டிருந்ததில் கோப்பெருந்தேவிக்கு ஊடல். தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானம் செய்யப் பாண்டியன் அந்தப்புரம் நோக்கிப் போகிறான். வாசலில் பொற்கொல்லன் வந்து விழுகிறான். மனம் முழுக்க வீட்டுக்குள் இருக்கும் ஒருவன், வழியில் நின்றபடி ஒரு வழக்கைக் கேட்கிறான். காணாமல் போனதும் அந்த மனைவியின் சிலம்புதான். அதைக் கையோடு கொண்டுபோனால் ஊடல் தீரும் என்று அவன் நினைத்தானா என்பது நூலில் இல்லை. நினைக்காமல் இருந்திருப்பான் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அவன் ஊர்க்காவலரை அழைத்துச் சொன்னது: என் தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமானால், ‘கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு’. ‘கொல்லக் கொணர்க’ என்று சொல்ல வந்தவன், வினை விளையும் காலமானதால் வாய் தவறிக் ‘கொன்று கொணர்க’ என்றுவிட்டான் என்றொரு விளக்கம் உரை மரபில் உண்டு. அரசன் மீது இரக்கப்பட்டுச் செய்த விளக்கம் அது. சொல்லொன்று மாறி ஒரு தலை போனது என்பதில் ஒரு நயமும் இருக்கிறது. ஆனால் ஆணையில் கோளாறு அந்த ஒரு சொல்லில் மட்டும் இல்லை. ‘கையில் இருக்குமானால்’ என்ற நிபந்தனையைப் பாருங்கள். சிலம்பு கையில் இருக்கிறதா என்றுதான் சோதிக்கச் சொல்கிறான். அது யாருடைய சிலம்பு என்று சோதிக்கச் சொல்லவில்லை. கோவலன் கையில் சிலம்பு இருக்கத்தான் செய்யும், அவன் விற்க வந்தவன். நிபந்தனை போட்டது போலவும் இருக்கும், நிரபராதி தப்பவும் முடியாது.

இதைவிடக் கொடுமை வழக்குரை காதையில் வெளிப்படுகிறது. ‘தேரா மன்னா’, ஆராயாத அரசனே, என்று தொடங்கும் கண்ணகிக்கு, கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்று பாண்டியன் பதில் சொல்கிறான். அவள் சாபம் இடவில்லை. என் சிலம்புக்குள் ஒலிக்கும் பரல் மாணிக்கம் என்கிறாள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதற்கு முன்பே அவள் சூரியனைக் கூப்பிட்டு என் கணவன் கள்வனா என்று கேட்டிருக்கிறாள். கள்வன் அல்லன், இந்த ஊரை எரி உண்ணும் என்று பதிலும் வந்திருக்கிறது. தெய்வ சாட்சியே அவள் பக்கம். சபையில் அதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. உடைத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளை மட்டும் சாட்சியாக வைக்கிறாள்.

அதற்குப் பாண்டியன் சொல்லும் பதில்தான் அவனைக் கொல்கிறது. நல்லது சொன்னாய், எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான். அதாவது, கோவலனைக் காப்பாற்றத் தேவையான செய்தி அரசன் தலைக்குள் ஏற்கெனவே இருந்திருக்கிறது. ஒரு புது சாட்சியும் வர வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்றபோது ‘உள்ளே என்ன பரல் என்று பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சிலம்பை உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது. கண்ணகி கொடுத்த செய்தி பாதி. மீதிப் பாதி அவனிடமே இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு கணம்கூட எடுக்கவில்லை.

‘யானோ அரசன் யானே கள்வன்’ என்கிறான். மக்களைக் காக்கும் ஆட்சி என்னால் பிழைத்தது, என் ஆயுள் கெடுக என்று விழுந்து சாகிறான். பொற்கொல்லன் என்னை ஏமாற்றினான் என்று அவன் சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. காவலர்கள் அவசரப்பட்டார்கள் எனலாம், அதுவும் உண்மை. விதி என்று சொல்லியிருந்தால் நூலாசிரியரே அவன் பக்கம் சாட்சிக்கு வந்திருப்பார். பொற்கொல்லனைப் பற்றி அவன் சொல்வது, அவன் சொல்லைக் கேட்டவன் நான் என்ற அளவில்தான். பொய் அவனுடையது, கேட்ட காது என்னுடையது.

கிரேக்கத் துன்பியலின் ஈடிபஸை இங்கே கொண்டுவந்து நிறுத்திப் பார்ப்பது நம்மூர்க் கல்லூரி வகுப்புகளில் பழகிய விஷயம்தான். ஒரு காரணத்துக்காக நானும் நிறுத்துகிறேன். சோபோக்ளிஸின் ஈடிபஸ் விசாரிப்பவன். தீபஸ் நகரத்துக் கொள்ளைநோய்க்குக் காரணமான கொலைகாரனைத் தேடி, வேண்டாம் என்று சொல்பவர்களை எல்லாம் மீறி, கிழ இடையனை மிரட்டிக்கூட விசாரிக்கிறான். கடைசியில் தேடப்படும் ஆள் தானே என்று கண்டுபிடித்துக் கண்ணைக் குத்திக்கொள்கிறான். விசாரித்ததால் அவன் அழிந்தான், விசாரிக்காததால் பாண்டியன் அழிந்தான். ஆனால் சோபோக்ளிஸ் தன் முதுமையில் எழுதி, அவர் இறந்தபின் கி.மு. 401-இல் மேடையேறிய நாடகத்தில், கிழவனான ஈடிபஸ் கொலோனஸ் ஊரில் நின்று வாதாடுகிறான். தெரியாமல் செய்தேன், என் மேல் குற்றமில்லை என்கிறான். நியாயமான வாதம். அந்த வாதத்தைச் சொல்ல அவனுக்குக் காலம் கிடைத்தது. பாண்டியனுக்கும் அதே வாதம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவன் கை நீட்டவில்லை.

இனி ஊழ். இளங்கோ அந்தச் சொல்லை எங்கெங்கே வைக்கிறார் என்று ஒரு முறை தேடிப் பார்த்தேன். புகார்க் கடற்கரையில் கோவலன் பாட, மாதவியும் யாழ் எடுத்துப் பாடுகிறாள். அவள் வேறொருவன் மேல் மனம் வைத்துப் பாடுகிறாள் என்று இவன் முடிவு கட்டிவிடுகிறான். ஊழ்வினை யாழிசையைச் சாக்காக வைத்து வந்து உருத்தது என்கிறார் கவிஞர். அணைத்திருந்த கை நெகிழ்கிறது. ஊழ் அங்கே இருக்கிறது, சரி. பக்கத்திலேயே சந்தேகமும் இருக்கிறதே? அவள் பாடியது இவன் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு, விளையாட்டு. ‘யாரை நினைத்துப் பாடினாய்’ என்று ஒரு கேள்வி கேட்க இவனுக்குத் தோன்றவில்லை. இங்கும் விசாரணை இல்லாமல் தீர்ப்பு. பாண்டியன் கோவலனுக்குச் செய்ததைக் கோவலன் மாதவிக்கு முன்பே செய்துவிட்டான், உயிர் போகவில்லை என்பதுதான் வித்தியாசம்.

இப்படியே மற்ற இடங்களும். பாண்டியன் ஆணையிடும் இடத்தில் ‘வினைவிளை காலம்’ என்கிறார், அடுத்த வரியிலேயே அவன் ‘தேரான் ஆகி’, ஆராயாதவனாகி, ஆணையிட்டான் என்கிறார். கோவலன் விழும் இடத்தில் ஊழ்வினை வருகிறது, சில வரிகளுக்கு முன் குடிகாரன் வருகிறான். மனிதக் காரணம் ஒன்றைப் பக்கத்தில் வைக்காமல் ஊழை அவர் தனியாக விடுவதே இல்லை என்று எனக்குப் படுகிறது. காலம் கூடி வந்தது வினையால் இருக்கலாம். அந்த நேரத்தில் கேட்காமல் விட்டது மனிதர்கள்.

தான் செய்தது தப்பு என்று கோவலனுக்கே ஒரு கட்டத்தில் தெரிகிறது. மதுரையை நெருங்கும் வழியில் கௌசிகன் என்ற அந்தணன் மாதவியின் ஓலையைக் கொண்டுவந்து கொடுக்கிறான். அதன் மண் முத்திரையில் அவள் கூந்தல் நெய்யின் வாசம் இன்னும் இருக்கிறது. கோவலன் உடனே பிரிக்காமல் வைத்திருக்கிறான். பிரித்துப் படித்தால், பெற்றோர்க்குச் செய்ய வேண்டிய கடமையையும் விட்டு, குலமகளோடு இரவோடு இரவாகப் போகும் அளவுக்கு நான் செய்த பிழை என்ன என்று கேட்கிறாள். அவள் மேல் தீதில்லை, தீது என்னுடையது என்று அவனுக்கு அப்போது விளங்குகிறது. பிறகு அவன் செய்வது விசித்திரமானது. அந்த ஓலையின் வாசகம் தன் தாய் தந்தைக்குத் தான் எழுத வேண்டியதற்கும் பொருந்துகிறது என்று, அதையே அவர்களிடம் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறான். குற்றமற்றவள் எழுதிய மன்னிப்புக் கடிதம், குற்றவாளியின் மன்னிப்புக் கடிதமாக ஊர் திரும்புகிறது.

கண்ணகியிடமும் அவன் மன்னிப்புக் கேட்கிறான், ஆனால் மிகத் தாமதமாக. ஆயர் சேரியில் அவள் சமைத்துப் போட்டுச் சாப்பிட்டபின், பெற்றோர் ஏவலைத் தவறினேன், உனக்கும் சிறுமை செய்தேன், ‘எழுக’ என்றதும் எழுந்து வந்துவிட்டாயே, என்ன காரியம் செய்தாய் என்கிறான். அவள் பதிலில் கொஞ்சம் உரமும் இருக்கிறது. ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மாற்ற முடியாத உள்ளம் எனக்கு, அதனால் வந்தேன் என்கிறாள். கண்ணகி வாய் திறக்காத பொறுமைசாலி என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கோவலனை அவள் மன்னித்திருக்கலாம். குற்றமே இல்லை என்று சொல்லவில்லை. இதற்குச் சற்று நேரத்தில் அவன் ஒற்றைச் சிலம்போடு கிளம்புகிறான்.

ஊழைப் பற்றிய முழு விளக்கம் மதுரை எரிந்த பிறகுதான் வருகிறது. மதுரையைக் காக்கும் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன்னால் வரத் தயங்கிப் பின்பக்கமாக வந்து பழங்கதை சொல்கிறது. முற்பிறப்பில் கோவலன் கலிங்கத்துச் சிங்கபுரத்தில் பரதன் என்னும் பெயரில் அரசனிடம் வேலை பார்த்தவன். கபிலபுரத்திலிருந்து வந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று அரசனிடம் காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அழுது அலைந்து, எங்களுக்கு இதைச் செய்தவர் இதையே அடைக என்று சபித்து, மலையிலிருந்து விழுந்தாள். அதாவது, போன பிறவியில் பொற்கொல்லன் இடத்தில் நின்றவன் கோவலன்.

கணக்கு மிகக் கச்சிதமாக இருக்கிறது, அதுதான் சிக்கல். கோவலனுக்கு இது தக்க தண்டனை என்றால், பொற்கொல்லன் வெறும் கருவி, பாண்டியன் நியாயத்தை நிறைவேற்றியவன், கண்ணகி எரித்தது அநியாயம். அப்படி யாரும் படிப்பதில்லை, மதுராபதியும் அப்படிச் சொல்லவில்லை. ஆடி மாதத்துத் தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை மதுரை எரியும் என்று பழைய வாக்கே ஒன்று இருந்தது என்றும் அந்தத் தெய்வம் சொல்கிறது. அதனால் கண்ணகியின் கோபம் பொய்யாகிவிடுவதில்லை. பரதன் செய்ததும் பாவம், கோவலனுக்குச் செய்ததும் பாவம். ஊழ் ஒரு பழைய கடனைத் தீர்க்கும்போது புதுக் கடன் ஒன்று விழுகிறது.

அதே மதுராபதி சொல்லும் இன்னொரு கதையை யாரும் அதிகம் பேசுவதில்லை. தங்கால் என்னும் ஊரில் வேதம் ஓதிய ஒரு சிறுவனுக்குப் பராசரன் என்ற அந்தணன் நகைகளைப் பரிசாகக் கொடுத்துப் போகிறான். பொறாமைப்பட்டவர்கள் சிறுவனின் தந்தை வார்த்திகன் புதையலை எடுத்துக்கொண்டான் என்று சிறையில் தள்ளுகிறார்கள். அவன் மனைவி அழுது புலம்ப, கொற்றவை கோயில் கதவு திறக்கவில்லை. இதைக் கேட்ட பாண்டிய அரசன், என் ஆட்சியில் என்ன பிழை நடந்தது என்று விசாரிக்கிறான். உண்மை தெரிகிறது. வார்த்திகனை விடுவித்து, மன்னிப்புக் கேட்டு, தங்காலையும் வயலூரையும் கொடுத்து, நிலத்தில் விழுந்து வணங்குகிறான். கதவு திறக்கிறது. பொய்ப் பழியும் அணிகலனும் இங்கேயும் உண்டு, குலமும் பாண்டியர் குலம்தான். இவனுக்குக் கதவு ஒன்று மூடிக்கொண்டு நேரம் கொடுத்தது. அவனுக்கு எந்தக் கதவும் மூடவில்லை, அந்தப்புரக் கதவைத் தவிர.

பாண்டியனும் தேவியும் இறந்தபின் குற்ற உணர்வு ஒரு தொற்றுபோல் பரவுவதை வஞ்சிக் காண்டத்தில் பார்க்கலாம். கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற மாதரி, அடைக்கலத்தை இழந்தேன் என்று நள்ளிரவில் தீயில் விழுகிறாள். அவள் செய்த தவறு என்ன? இடம் கொடுத்தாள், சமைக்கப் பாத்திரம் கொடுத்தாள். மதுரை வரை துணையாக வந்த சமணத் துறவி கவுந்தி, இவர்கள் வினை என்னோடு சேர்ந்துதான் வந்ததோ என்று உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறார். கோவலனின் தந்தையும் கண்ணகியின் தந்தையும் துறவு போகிறார்கள், தாய்மார் இருவரும் இறக்கிறார்கள். இந்தச் செய்திகளை எல்லாம் சேரன் செங்குட்டுவனிடம் சொல்லும் மாடலன் என்ற அந்தணன், தான் கங்கையாட வந்த காரணத்தையும் சொல்கிறான். புகாரில் நான் போய்ச் சொன்ன செய்தியைக் கேட்டுச் சிலர் இறந்தார்கள், அந்தப் பாவம் தீரத்தான் வந்தேன். செய்தி சொன்னவனுக்குக்கூடக் கங்கை தேவைப்படுகிறது!

குற்றம் குறைந்தவர்கள் அதிகம் சுமக்கிறார்கள். அந்தப் பொற்கொல்லன்? அவன் வருந்தினான் என்றோ செத்தான் என்றோ ஒரு வரி இல்லை. அவனுக்குப் பெயரே இல்லை. வாள் விழுந்ததோடு கதையிலிருந்து காணாமல் போகிறான்.

பாண்டியனைப் பற்றிக் கடைசித் தீர்ப்பு வாழ்த்துக் காதையில் வருகிறது, சொல்பவள் கண்ணகியே. தெய்வமாகக் காட்சி தந்து, ‘தென்னவன் தீதிலன்’ என்கிறாள். அவன் தேவர்கோன் கோயிலில் நல்விருந்தானான், நான் அவன் மகள் என்றும் சொல்கிறாள். ஒரு காலத்தில் ‘தேரா மன்னா’ என்றவள் இவள். அவன் குற்றத்தைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்ட ஒரே காரணத்தால் இந்த வரி அவனுக்குக் கிடைத்தது என்று நினைக்கிறேன். விதியைக் காட்டித் தப்பியிருந்தால் அவனுக்கு இது கிடைத்திருக்காது.

நூலில் இது மட்டும் இருந்திருந்தால் மனம் ஓரளவு ஆறும். கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் பாண்டிய நாட்டின் பொறுப்பை ஏற்கிறான். நாட்டில் மழை இல்லை, வறுமை, வெப்பு நோய், அம்மை. கண்ணகியைச் சாந்தப்படுத்த வேண்டும். ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிடுகிறான். பொய் சொன்னவன் ஒருவன். செத்தவர்கள் கையில் எந்தச் சிலம்பும் இல்லை. அவர்களில் யாராவது கோவலனைக் கண்ணால் பார்த்திருந்தார்களா என்றுகூட யாரும் கேட்கவில்லை. தொழில் ஒன்று என்பதே போதுமானதாக இருந்தது. ஆயிரம் வீட்டிலும் மனைவிகள் இருந்திருப்பார்கள். ஒருத்தியும் ‘தேரா மன்னா’ என்று வாயிலில் வந்து நின்றதாக நூலில் இல்லை.

நாடு செழிக்க மழை பெய்தது, நோயும் துன்பமும் நீங்கின என்கிறது நூலின் முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரை.